முப்பது சேக்கல் வெள்ளி

"பைபிளில் இருப்பது அடிமைமுறையே இல்லை, வாங்கிய கடனை வேலை செய்து கழிக்கும் ஏற்பாடு." பைபிள் அடிமைமுறையை அனுமதிக்கிறதே என்று கேட்டால் இந்தப் பதிலைச் சொல்பவர்கள் யாத்திராகமம் 21-இல் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆறு வருஷம் உழைப்பு, ஏழாம் வருஷம் விடுதலை. சரி, அடுத்த நான்கு வசனங்களையும் படியுங்கள். எஜமான் கட்டிவைத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். அவன் மட்டும் ஒற்றை ஆளாய் வெளியேறலாம். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லையா? கதவுநிலையருகே நிறுத்திக் காதைக் கம்பியால் குத்துவார்கள். பிறகு சாகும்வரை அடிமை. விடுதலைச் சட்டத்துக்குள்ளேயே கண்ணி வைத்திருக்கிறது.

இதுவும் எபிரெயனுக்கு, அதாவது இஸ்ரவேல் ஜனத்தானுக்குத்தான். லேவியராகமம் 25:44-46 வேறு கதை. சுற்றியுள்ள ஜாதிகளிடமும் உங்களோடு தங்கியிருக்கும் அந்நியரிடமும் ஆட்களை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்கலாம். கடன் என்ற பேச்சே கிடையாது, ஏழாம் வருஷமும் கிடையாது. இதற்கு இரண்டு வசனம் முன்னால், 42-இல், "எகிப்திலிருந்து நான் மீட்டவர்கள், அவர்களை அடிமைகளாக விற்கக் கூடாது" என்ற கட்டளை இருக்கிறது. ஆக, அடிமைத்தனம் கொடுமை என்று அந்தச் சட்டத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், சொந்த ஜனத்துக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம். எனக்கு உறுத்துவது இதுதான்.

"அந்தக் காலத்து மனிதர்களைப் படிப்படியாகத்தான் திருத்த முடியும்" என்பது அடுத்த சமாதானம். இதே அதிகாரம் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்குவதை ஒரே வரியில் தடுத்துவிடுகிறது. பன்றிக்கறிக்குத் தடை உண்டு. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றார்கள் (எண்ணாகமம் 15). அங்கெல்லாம் படிப்படி எங்கே போயிற்று?

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டத்தில் ஓடிப்போன அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. உபாகமம் 23:15 அவனைத் திருப்பி ஒப்படைக்காதே என்கிறது. அடிமையின் கண் போனால் அங்கே அவன் விலையில் பாதி இழப்பீடு. யாத்திராகமத்தில் கண் போனாலும் பல் போனாலும் அவனுக்கே விடுதலை. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் கடனுக்காக விற்கப்பட்டவரை ஹம்முராபி மூன்று வருஷத்தில் விடச் சொன்னார், மோசே ஆறு. யாத்திராகமத்தின்படி, எஜமான் அடித்ததில் அடிமை அந்த இடத்திலேயே செத்தால் தண்டனை. ஓரிரு நாள் கழித்துச் செத்தால் இல்லை. காரணத்தையும் 21:21 சொல்கிறது: எபிரெய மூலத்தில் அவன் எஜமானின் 'வெள்ளி', அதாவது பணம்.

தமிழில் இன்னொரு சிக்கல். பழைய மொழிபெயர்ப்பில், எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 "வேலைக்காரரே" என்று தொடங்குகிறது. கிரேக்கச் சொல் 'டூலோஸ்', நேர்ப்பொருள் அடிமை. அதே சொல் ரோமர் 1:1-இல் அப்போஸ்தலன் பவுல் தன்னைக் குறிக்க வரும்போது "ஊழியக்காரன்" ஆகிவிடுகிறது. இப்படிப் படித்துப் பழகியவருக்கு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கான அறிவுரை போலத்தான் அது கேட்கும். வெட்டியே மறைத்ததும் உண்டு: மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807-இல் லண்டனில் அச்சிட்ட சுருக்கப் பைபிளில் எகிப்திலிருந்து விடுதலையான கதை இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி பத்திரமாக இருந்தது.

இந்தச் சட்டம் அட்சரம் பிசகாமல் கடவுளின் வாக்கு என்றால், அவருடைய நீதி எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது. மனிதர் எழுதியது என்றால் கடவுள் தப்பிப்பார், ஆனால் மற்ற கட்டளைகளையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் நழுவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடிமையை மாடு முட்டிக் கொன்றால் எஜமானுக்கு 30 சேக்கல் (பழங்கால எடை அளவு) வெள்ளி என்று யாத்திராகமம் 21:32 விலை குறிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரி என்ற பிஷப், தன் பிரசங்கத்தில் அடிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டார்: கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய்? அந்தக் கேள்விக்கு அவர் யாத்திராகமம் 21-ஐத் தேடிப் போகவில்லை. மனிதனைக் கடவுள் தம் சாயலில் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்துக்குப் போனார்.