கருவாடு விற்ற காசு நாறும்

அந்த நாற்பது விநாடி வீடியோவை எனக்கே அனுப்பி வெச்ச பதினோரு பேருக்கும் நன்றி. பார்த்தேன். என் வழுக்கை நல்லாத் தெரியுது.

புதுச்சேரி ஓட்டல்ல மியூச்சுவல் ஃபண்டு கூட்டத்துல நடந்ததுதான் அந்த வீடியோவால ஊருக்கே தெரிஞ்சு போச்சே. ஃபண்டு விக்க வந்த தம்பிகிட்ட நான் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க பணம் போடுற கெமிக்கல் கம்பெனிங்க கழிவுநீரைச் சுத்தம் பண்ண எவ்வளவு செலவு பண்றாங்கன்னு பார்த்துட்டுத்தான் வாங்குறீங்களா?" அவர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா கடலூரா? அதான பார்த்தேன்! நாய் வித்த காசு குரைக்காது, கருவாடு வித்த காசு நாறாதுங்க ஐயா"ன்னார். சபையே சிரிச்சுது. (சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதையும் சொல்லிடணும்.)

லாபமே வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லலை. முப்பத்தோரு வருஷம் பேங்குல கேஷ் கவுண்டர்ல உக்காந்தவன் அப்படிச் சொல்வானா? கணக்கை முழுசாப் போடுங்கன்னுதான் சொல்றேன். ஆலையில ராத்திரி கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டாரை நிறுத்தி வெச்சா கரண்டு பில்லு குறையும். குறைஞ்ச காசு லாபத்துல ஏறும், லாபம் ஏறினா பங்கு விலை ஏறும், உங்க போன்ல பச்சைக் கோடு மேல போகும். ஆலைக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு வீடு, கிணத்துத் தண்ணியை வாயில வெக்க முடியாம வாரம் மூணு கேன் வாங்கும். அந்தக் கேன் காசு உங்க லாபத்துக்கு ஆன செலவுதானே? எந்த பேலன்ஸ் ஷீட்டுல அது வருது?

"சுற்றுச்சூழல் பார்த்தா ரிட்டர்ன் அடி வாங்கும் சார்"னு ஒரு கமெண்ட். எவ்வளவு அடி? 2023 ஜனவரியில மத்திய அரசு முதல் தடவையா பசுமைப் பத்திரம் வித்தது, அதாவது சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கடன் வாங்குற பத்திரம். பத்து வருஷப் பத்திரத்துக்கு வட்டி 7.29 சதவீதம். சாதாரணப் பத்திரத்தைவிட நூறு ரூபாய்க்கு அஞ்சாறு பைசாதான் கம்மி. ஒரு லட்சம் போட்டா வருஷத்துக்கு அம்பது அறுபது ரூபாய். ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுற காசு. இதுக்கா இவ்வளவு பதட்டம்?

பார்க்காம விட்டா என்ன ஆகும்னு தூத்துக்குடியைக் கேளுங்க. 2018 மே மாசம், ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்துல போலீஸ் சுட்டுப் பதிமூணு பேர் உயிர் போன பிறகு ஆலையைப் பூட்டினாங்க. திறக்கக் கேட்டுப் போன மனுவை 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் தள்ளிடுச்சு. நான் மனுஷ உயிரைப் பத்திப் பேசினா "உணர்ச்சிவசப்படுறார்"ம்பீங்க. சரி, பூட்டின ஆலையில என்ன ரிட்டர்ன்னு நீங்களே சொல்லுங்க. கணக்கை முழுசாப் போடுங்க, அவ்வளவுதான்.

"லாபத்துல ரெண்டு சதவீதம் சி.எஸ்.ஆர்.னு சமூக நலனுக்குக் குடுக்கிறாங்களே?" 2014-லேருந்து சட்டம் அது, தர்மம் இல்லை. ஸ்கூல் பையில லோகோ போட்டுக் குடுத்தா கிணத்துத் தண்ணி தெளிஞ்சிடுமா?

"பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிதான் சுற்றுச்சூழல் பத்தி அறிக்கை கேக்குதே?" கேக்குது. பங்குச் சந்தையில பெரிய ஆயிரம் கம்பெனிங்க 2022-23-லேருந்து கட்டாயம் குடுக்கணும். பிராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பையனே எழுதிட்டு வர்ற மாதிரி! வெளியாள் சரிபார்க்கணும்னு வந்தது 2023-ல, அதுவும் படிப்படியா, அதுவும் சில விவரங்களுக்கு மட்டும். பங்குச் சந்தைக்கே வராத கம்பெனியை யாரு கேக்கிறது?

"வேலை குடுத்தது யாரு?" இதுக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் நாக்கு ஒட்டிக்குது. என் தம்பி மகனே கெமிக்கல் ஆலையில ஷிஃப்டுக்குப் போறான். மோட்டார் ஓடினா அவன் வேலை போயிடும்னு யார் சொன்னது? போகட்டும், இதை அப்புறம் பேசுவோம்.

இப்ப அந்தப் பழமொழி. கருவாடு வித்த காசு நாறாதாம். தம்பி, நான் எண்ணியிருக்கேன். திங்கக்கிழமை காலையில துறைமுகத்துலேருந்து வர்ற நோட்டுக் கட்டு ஈரமா இருக்கும், ஓரமெல்லாம் உப்பு. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கை நாறும். ஒரு நாள் ஆபீசர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "அந்தக் கட்டைத் தனியா வைப்பா"ன்னார். வெச்சேன். அதுல எங்க அம்மா ஆர்.டி.க்குக் கட்டின நூத்தியிருபது ரூபாயும் இருந்துச்சு. கருவாடு வித்துத்தான் என்னை பி.காம். படிக்க வெச்சாங்க. அம்மா கவுண்டருக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் வாயைத் திறக்கலை.

உழைச்ச காசே நாறும்போது ஊர்த் தண்ணியைக் கெடுத்து வந்த காசு மட்டும் மணக்குதா? ஏ.சி. ரூமுக்கு அந்த நாத்தம் எட்டாது, அவ்வளவுதான்.

"உங்க ஃபண்டுல கெமிக்கல் பங்கு இல்லையா?"ன்னு கேட்ட நண்பருக்கு: இருக்கு. நேத்து ராத்திரி உக்காந்து லிஸ்டைப் பார்த்தேன். மூணு கம்பெனி. 2017-லேருந்து மாசம் மூவாயிரம் போட்டுக்கிட்டு வர்றேன், நல்லாவே ஏறியிருக்கு. இன்னும் விக்கலை. மகள் கல்யாணக் கடன் பாக்கி இருக்கு. இதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவங்க எடுத்துக்கங்க. அதனால நான் கேட்ட கேள்வி தப்பாயிடுமா? என் பணம் அங்க இருக்கிறதாலதானே கேட்டேன்?

குடும்ப குரூப்புலயும் அந்த வீடியோ வந்துடுச்சு. மாப்பிள்ளை, நீங்க கீழே போட்ட சிரிப்புப் பொம்மையை மட்டும் எடுத்துடுங்க. அத்தை இன்னும் பார்க்கலை.