டோனா ட்ராயின் அம்மாவை எதற்கு அழித்தீர்கள்?

நேற்று டிசி (DC) காமிக்ஸ் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, இந்த டோனா ட்ராய் யாரு? வொண்டர் உமனோட தங்கச்சியா?" அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இந்தக் குளறுபடி ஒரு கவனக்குறைவில் ஆரம்பித்தது. டோனாவின் வீரப் பெயர் வொண்டர் கேர்ள். ஆனால் முதலில் வொண்டர் கேர்ள் என்பவள் சின்ன வயது வொண்டர் உமனேதான், வேறு ஆள் கிடையாது. அதைக் கவனிக்காமல் 1965-ல் டீன் டைட்டன்ஸ் என்ற இளம் வீரர் குழுவின் கதையில் பேட்மேனின் கூட்டாளி ராபினோடு அவளைத் தனி ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று நான்கு வருடம் ஒரு விளக்கமும் இல்லை. 1969-ல்தான் எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேன் ஒரு வழி கண்டுபிடித்தார்: தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வொண்டர் உமன் காப்பாற்றிய அனாதைக் குழந்தை. டோனா ட்ராய் என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

சரி, தவறை அழகாகவே சரிசெய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

1984-ல் அதே வுல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரெஸும் சேர்ந்து அவளுடைய பிறப்பைத் தேடும் கதை ஒன்று செய்தார்கள். உலகத்தை அழிக்க வரும் வில்லன் யாரும் அதில் கிடையாது. கல்யாணம் நிச்சயமான தோழி டோனாவுக்காக டிக் கிரேசன், அதாவது அந்த ராபின், அவளுடைய பழைய வாழ்க்கையைத் துப்பறிகிறான். கையில் கிடைப்பது ஒரு பழைய பொம்மை. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகத் தேடிப் போகிறான். வளர்க்க வழியில்லாமல் அவளைத் திருப்பிக் கொடுத்த வளர்ப்புத் தாய் கிடைக்கிறாள். பெற்றவள் டோரதி ஹிங்க்லி, கல்யாணமாகாத சின்னப் பெண், புற்றுநோயில் சாகப்போகிறோம் என்று தெரிந்து குழந்தையைத் தத்துக் கொடுத்தவள். எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். தன்னை யாரும் வேண்டாம் என்று தூக்கி எறியவில்லை என்று ஒரு பெண் தெரிந்துகொள்ளும் கதை அது.

அப்புறம் 1985-ல் டிசி தன் மொத்தக் கதை உலகத்தையும் மாற்றி எழுதியது. புதுக் கணக்கில் வொண்டர் உமன் 1987-ல்தான் வெளியுலகத்துக்கே வருகிறாள். அப்படியானால் டோனாவைத் தீயிலிருந்து தூக்கியது யார்? கிரேக்கப் புராணத்து ரேயா என்று 1988-ல் ஒட்டுப் போட்டார்கள். வலிந்து செய்ததுதான், ஆனாலும் டோரதிதான் அம்மா என்பது மட்டும் அதில் தப்பித்தது. பத்து வருடம் கழித்து ஜான் பைர்ன் என்ற எழுத்தாளர் வந்தார். டோனா ஒரு மனுஷியே இல்லையாம். டயானா, அதாவது வொண்டர் உமன், சின்ன வயதில் விளையாடுவதற்காகக் கண்ணாடிப் பிம்பத்திலிருந்து மந்திரத்தால் செய்த நகலாம். அந்த நகலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல பிறவி துன்பப்படச் சாபம் கொடுத்தார்களாம். 2003-ல் கொன்றார்கள், 2005-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு, வொண்டர் உமனை ஒழிக்க ஒரு சூனியக்காரி களிமண்ணில் பிசைந்த ஆயுதம் என்றார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 2017 வாக்கில் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தீயிலிருந்து காப்பாற்றப்பட்ட அனாதை என்ற அந்த நினைவே பொய்யாம், அவள் மனசில் பிறகு புகுத்தப்பட்டதாம்! அந்தப் பொம்மையைப் பார்த்து அழுத எங்களுக்கு என்ன பதில்? சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழிப்பதுபோல ஒரு தாயை அழித்துவிட்டீர்களே!

இத்தனை வருடம் ஓடும் கதை மாறத்தானே செய்யும் என்று யாராவது வருவார்கள். மாறட்டும். ஆனால் பேட்மேனான புரூஸ் வேய்னின் அப்பா அம்மா எத்தனை முறை உலகம் மாறினாலும் அந்தச் சந்தில்தான் சாகிறார்கள். அதில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ஆக, எதைத் தொடக்கூடாது என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். டோனா என்றால் மட்டும் ஆளாளுக்கு வந்து கிறுக்கலாம்.

இன்று சாயங்காலம் அக்கா மகளைக் கூப்பிட்டு அந்த 1984 இதழை மட்டும் கையில் கொடுத்தேன். "இதைப் படி. டோனாவோட அம்மா பேரு டோரதி" என்றேன்.