பைக்குக் காது வைக்கும் முன் தோளைப் பாருங்கள்

குரோஷே பை, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னுகிற பை விற்கிறவர்கள் ஆர்டர் எடுக்கும்போது என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? என்ன கலர், உள்ளே லைனிங் வேண்டுமா, ஜிப் வைக்கவா, பூ வைக்கவா. ஸ்ட்ராப் எவ்வளவு நீளம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் "ஸ்டாண்டர்டு சைஸ்தான் மேடம்" என்று பதில் வருகிறது. நாலே முக்கால் அடி பெண்ணுக்கும் ஐந்தே முக்கால் அடி பெண்ணுக்கும் எப்படி ஒரே ஸ்டாண்டர்டு? ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளுகிற கம்பெனிக்கு வேறு வழியில்லை. அதனால் பக்கிள் வைத்து, நீங்களே ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒருத்தருக்காக நாள் கணக்கில் உட்கார்ந்து பின்னுகிற நாமும் அதையே செய்தால், கையால் பின்னியதற்கு என்ன மரியாதை?

என் கட்சி இதுதான். பேட்டர்னில், அதாவது பின்னல் செய்முறைக் குறிப்பில் போட்டிருக்கிற எண்ணை வைத்து ஸ்ட்ராப் பின்னக் கூடாது. தூக்கப்போகிறவர் தோளில், பைக்குள் சாமானைப் போட்டு, அளந்துவிட்டுப் பின்ன வேண்டும்.

பேட்டர்ன் எழுதுகிறவர்கள் 'டிராப்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தோளிலிருந்து பையின் வாய் வரை உள்ள தொங்கல் அது. கையில் பிடிக்கும் பைக்கு 4 முதல் 6 அங்குலம், தோளில் மாட்ட 9 முதல் 12, குறுக்காகப் போட 20 முதல் 24. ஆரம்பிப்பதற்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் தொங்கலை இரண்டால் பெருக்கினால் ஸ்ட்ராப் நீளம் கிடைத்துவிடும் என்று நம்பினால் பையின் அகலம் கவிழ்த்துவிடும். 24 அங்குல ஸ்ட்ராப்பை 6 அங்குல அகலப் பையின் இரண்டு ஓரத்திலும் வைத்தால் தொங்கல் கிட்டத்தட்ட பதினொன்றரை அங்குலம். அதையே 14 அங்குல அகலப் பையில் வைத்தால் பத்துக்கும் கீழே போய்விடும். எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குதான். இதில் இன்னொரு வம்பு என்னவென்றால், தோல் பை மாதிரி குரோஷே பை விறைப்பாக நிற்காது. பாரம் ஏறியதும் வாய் சுருங்கி, இரண்டு ஓரமும் நெருங்கி வரும். அப்போது தொங்கல் மறுபடி நீளும். காலிப் பையை மேஜையில் பரப்பி வைத்து எடுத்த அளவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நான் அளப்பதற்குப் பாவாடை நாடாவைத்தான் பயன்படுத்துகிறேன். உடல் பகுதியைப் பின்னி முடித்ததும் இரண்டு ஓரத்திலும் நாடாவைக் கட்டி, உள்ளே அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பர்ஸ், போன், குடை எல்லாவற்றையும் போட்டு, பையைத் தூக்கப்போகிறவரை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கச் சொல்வேன். முடிச்சை ஏற்றி இறக்கி, அவர் "இது போதும்" என்கிற இடத்தில் நாடாவை அளந்துகொள்வேன். வெளியூர்க்காரர் என்றால் அவரையே வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பையில் நாடா கட்டிப் பார்த்து அளவு அனுப்பச் சொல்லலாம். யாரும் சலித்துக்கொள்வதில்லை. நம்மை இவ்வளவு விசாரிக்கிறார்களே என்று சந்தோஷம்தான் படுகிறார்கள்.

சரி, நீளம் கிடைத்துவிட்டது. அதை அப்படியே பின்னிவிடலாமா என்றால் முடியாது. நூல் இழுபடும். காட்டன் நூலே தொய்யும், அக்ரிலிக் உல்லன் இன்னும் மோசம். டி-ஷர்ட் துணி நூலில் பின்னிய பைக்கு அதன் சொந்த எடையே பாரம். அதனால் 10 அங்குலத்துக்கு ஒரு சோதனைத் துண்டு பின்னி, எடையைக் கட்டி இரவு முழுக்கக் கதவுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். காலையில் அது 11 அங்குலம் ஆகியிருந்தால், 44 அங்குலம் தேவைப்படுகிற ஸ்ட்ராப்பை 40 அங்குலத்துக்குத்தான் பின்ன வேண்டும்.

இழுபடுவதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அகலவாக்கில் குட்டிக் குட்டி வரிசையாகப் போட்டுக்கொண்டு போவதைவிட, முழு நீளத்துக்கும் சங்கிலிப் பின்னல் போட்டு அதன் மேல் நீளவாக்கில் சிங்கிள் குரோஷே என்கிற குட்டையான அடிப்படைப் பின்னலைப் போட்டால் என் கைக்குத் தொய்வு குறைகிறது. இரண்டு விளிம்பிலும் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே ஏறாத பின்னல்) ஒரு சுற்று இறுக்கமாகப் போட்டால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விட உறுதி, பின்பக்கம் காட்டன் பெல்ட் நாடாவை வைத்துத் தைத்துவிடுவது. "முழுக்க முழுக்க கைப்பின்னல்" என்று சொல்ல முடியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். தோளில் மாட்டுகிறவருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

நல்ல ஜோல்னாப் பை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோள் வார் தனியாகவும் பை தனியாகவும் இருக்காது. அதே நீளத் துணிதான் பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறும். பாரத்தை வாரே தாங்குகிறது, ஒட்டுப் போட்ட இடத்துக்கு வேலை இல்லை. குரோஷே பையையும் இப்படிப் பின்னலாம். பையின் காது பிய்ந்து வருகிற தொல்லையே இருக்காது.

அடுத்து புடவை. இணையத்தில் கிடைக்கிற இங்கிலீஷ் பேட்டர்ன்களில் புடவைக்குக் கணக்கே இல்லை. குறுக்கு ஸ்ட்ராப் போட்டால் முந்தானை மடிப்பு கசங்கும். இடது தோளில் மாட்டினால் அங்கே பின் குத்தியிருக்கும், நூல் பின்னில் மாட்டி இழுக்கும். பட்டாக இருந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் புடவை கட்டுகிறவர்களில் நிறையப் பேர் வலது தோளில் மாட்டுவார்கள், இல்லையென்றால் முழங்கை மடிப்பில் தொங்கவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து அங்குலத் தொங்கல் பாந்தமாக இருக்கும். ரவிக்கைக் கை நசுங்காமல் தோளுக்கு ஏறும், முழங்கையிலும் மாட்டிக்கொள்ளலாம். ஏழு அங்குலம் வைத்தால் ரெண்டுங்கெட்டான். தோளுக்கு ஏறாது, கையில் பிடித்தால் நீளமாகத் தெரியும்.

சுடிதார் போட்டு டவுன் பஸ்ஸில் போகிறவருக்குக் குறுக்கு ஸ்ட்ராப்தான் வசதி. ஆனால் பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. கூட்டத்தில் முன்பக்கம் இழுத்து ஒரு கையால் அணைத்துக்கொள்ள முடிய வேண்டும். ஸ்கூட்டியில் பின்னால் உட்காருகிறவருக்கு நீள ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் துப்பட்டா சிக்குவது போல் அதுவும் சிக்கும்.

வலைப்பை பின்னுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் ஸ்ட்ராப் நீளுவதைவிடப் பையே அதிகம் நீளும். இரண்டு கிலோ வெங்காயம் போட்டதும் அடிப்பகுதி முழங்காலைத் தேடிப் போகும். அங்கே வாய் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள், அடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காய்கறிக்கு என்றால் ஒயர் கூடைக்கு வைக்கிற மாதிரி குட்டைக் கைப்பிடியே போதும்.

பலர் மாறி மாறித் தூக்குகிற பை என்றால் அட்ஜஸ்டபிள்தான் சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரோஷே பட்டை தடிமன், பக்கிளுக்குள் வழுக்கி நகராது. அதைவிட இரண்டு பாதியாகப் பின்னி, தோள்மேல் முடிச்சுப் போட்டுக்கொள்கிற மாதிரி விடுங்கள். முடிச்சுக்கு மட்டும் எட்டு பத்து அங்குலம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிய பை நீண்டு தொங்குகிறது என்றால் வெட்டிவிடாதீர்கள், பின்னல் பிரிந்துவிடும். பையோடு சேருகிற இடத்தில் மிச்சத்தை உள்பக்கமாக மடித்து, அதே நூலால் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல் போடுங்கள். துவைத்தால் கொடியில் தொங்கப் போடாமல், துண்டின் மேல் பரப்பிக் காய வையுங்கள். ஈரத்தோடு தொங்கினால் மடித்துத் தைத்த அளவையும் அது விழுங்கிவிடும்.