கிம்லில எல்லாரும் ஐஸ்லாந்து மொழிதான் பேசுறாங்களா? இல்லங்க

கனடா மனிடோபால இருக்குற கிம்லி ஊர்ல இன்னிக்கும் வீட்லயும் கடையிலயும் ஐஸ்லாந்து மொழி மட்டும்தான்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்பு. 1875ல ஐஸ்லாந்துக்காரங்க வந்து குடியேறுன இடம்ங்கறது உண்மைதான், ஆனா இப்ப தினசரி பேச்சு இங்கிலீஷ். 1886லயும் 1888லயும் தனித்தனியா ஆரம்பிச்சு 1959ல ஒண்ணா சேர்ந்த அவங்க பேப்பர் லோக்பெர்க் ஹெய்ம்ஸ்கிரிங்லாவே இப்ப பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் வருது.

அதுக்காக எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னும் கிளப்பிவிடாதீங்க. 1919ல தொடங்குன, ஐஸ்லாந்து வம்சாவளிக்காரங்க சங்கமான ஐஸ்லாந்து நேஷனல் லீக்கோட கிளப்புங்க இன்னும் இருக்கு, மனிடோபா யுனிவர்சிட்டில இந்த மொழிக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, ஆகஸ்ட் திருவிழால ஒரு அம்மா வெள்ளை கவுன், பச்சை அங்கி, கிரீடத்தோட ஐஸ்லாந்து நாட்டோட உருவமான 'மலைமகளா' மேடையேறுவாங்க, வீடுகள்ல உலர்ந்த பிளம்ஸ் அரைச்சு அடுக்கடுக்கா தடவுன வீனார்டெர்டா கேக் செய்வாங்க. அந்த மொழியும் பழக்கவழக்கமும் தானா நிலைச்சு நிக்குதுன்னு சொன்னா இவ்ளோ பேரோட உழைப்ப மறைக்கிற மாதிரி ஆயிடும், தயவுசெஞ்சு அந்த மெசேஜ ஷேர் பண்ணாதீங்க.