மண்டை ஓட்டுக்கு ஒரு தொப்பி

"கார்ட்டூன் பார்த்துவிட்டுப் புரட்சி பண்ணக் கிளம்பிவிட்டார்கள்" என்று இளைஞர்களைப் பார்த்து அலுத்துக்கொள்கிறார்கள் சிலர். சரி, வெறும் கார்ட்டூன்தானே? அப்புறம் ஏன் அதிகாரத்தில் இருப்பவர்கள் இப்படிப் பதறுகிறார்கள்?

இந்தோனேசியாவில் 2025 சுதந்திர தினத்துக்கு முன்பு லாரிகளிலும் வீடுகளிலும் ஒரு கடற்கொள்ளையர் கொடி பறந்தது. கறுப்புத் துணியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மண்டை ஓடு, அதன் தலையில் வைக்கோல் தொப்பி. 1997 முதல் வந்துகொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் (மாங்கா) நாயகன் லூஃபியின் கூட்டம் ஏற்றும் கொடி அது. ஊழல் பிடித்த உலக அரசோடு மோதுகிற கூட்டம். அரசியல்வாதிகள் சிலர் இதைத் தேசத்துரோகம் என்கிற அளவுக்குப் போனார்கள். அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? அடுத்த மாதமே காத்மாண்டுவில், இளைஞர் போராட்டத்தில் எரிந்துகொண்டிருந்த நேபாள அரசுத் தலைமையகமான சிங்க தர்பாரின் வாசற்கதவில் அதே கொடி தொங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாய்லாந்து மாணவர்கள் செய்ததுதான். 2020 ஜூலையில் பாங்காக் ஜனநாயக நினைவுச் சின்னத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், கையில் வெள்ளெலி பொம்மைகளோடு. ஹம்தாரோ என்ற ஜப்பானியக் குழந்தைகள் தொடரில் வரும் வெள்ளெலிக்குச் சூரியகாந்தி விதை என்றால் உயிர். இவர்கள் அந்தத் தொடரின் பாட்டை மாற்றி, ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்து, 'ரொம்ப ருசியான தீனி மக்களின் வரிப்பணம்' என்று பாடினார்கள். இதற்கு என்னவென்று வழக்குப் போடுவது? பொம்மையோடு ஓடினான் என்று எழுதினால் எழுதுகிறவருக்கே சிரிப்பு வந்துவிடும். (சிரிப்பு எப்போதும் காப்பாற்றாது. 2014 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அதே நாட்டில் 'ஹங்கர் கேம்ஸ்' படத்தின் மூன்று விரல் சல்யூட் வைத்ததற்கே ஆட்களைப் பிடித்துப் போனார்கள்.)

கட்சிக் கொடியைத் தூக்கினால் அந்தக் கட்சியின் பழைய பாவங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டும். லூஃபி யாரிடமும் ஓட்டுக் கேட்டதில்லை, கூட்டணி மாறியதில்லை. ஆனால் ஆட்சி விழுந்த மறுநாள் என்ன செய்வது என்று அவன் கொடியில் எழுதியிருக்காது. அந்த வேலைக்கு அதை நம்பக் கூடாது.

"அது ஒரு கம்பெனியின் சரக்குதானே" என்பார்கள். உண்மைதான். 2011ல் அமெரிக்க நிதி நிறுவனங்களின் கோட்டையான வால் ஸ்ட்ரீட்டை எதிர்த்தவர்கள் போட்ட, 'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் வந்த கய் ஃபாக்ஸ் முகமூடி விற்றதிலும் ஹாலிவுட் நிறுவனத்துக்குப் பங்கு போனது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கடையில் வாங்கியதை இவர்கள் அப்படியே வைத்துக்கொள்வதும் இல்லை. மடகாஸ்கர் இளைஞர்கள் தங்கள் போராட்டத்துக்கு அதே மண்டை ஓட்டை எடுத்துக்கொண்டார்கள், வைக்கோல் தொப்பியை மட்டும் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது அவர்கள் நாட்டு பெட்சிலியோ மக்கள் போடுகிற தொப்பி.