பச்சையாகத்தான் எரிகிறது, வேலைதான் நடக்கவில்லை

நேற்று ராத்திரி 2.40க்குப் போன். ஆறு மணி நேரமாக யாருக்கும் ரசீது மெயில் போகவில்லையாம். சொன்னது எங்கள் மானிட்டரிங் இல்லை, ஒரு வாடிக்கையாளர்! சர்வரில் புரோகிராம்களைக் கிளப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் ஸ்டேட்டஸ் பார்த்தால் "ஆக்டிவ், ரன்னிங்" என்று பச்சை எழுத்து பளிச்சென்று நிற்கிறது. டாஷ்போர்டும் பச்சை. மெயில் அனுப்புவது போன்ற வேலைகளைப் பின்னணியில் செய்யும் செலரிக்கு, உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்தால் "பாங்" என்று உடனே பதில். வேலைகள் வரிசையில் காத்திருக்கும் ரெடிஸ் க்யூவில் மட்டும் 41,000 வேலைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. வயிறு எரியுமா எரியாதா?

செலரிக்குக் கீழே அந்த வேலைகளைச் செய்யும் பிராசஸ்கள், அதாவது வொர்க்கர்கள், எட்டு. பிராசஸ் இந்த நொடியில் எதில் நிற்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தேன். எட்டிலும் அதே ஒரு வரி: ரிசீவ்ஃப்ரம், அதாவது நெட்வொர்க்கிலிருந்து பதில் வாங்கும் அழைப்பு. திறந்த அடைப்புக்குறி மூடாமலே நிற்கிறது; அழைப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வெளியே இருக்கும் மெயில் சேவையின் பதிலுக்காக ஆறு மணி நேரமாகக் காத்திருக்கின்றன. வெளிச் சேவைகளை அழைக்கும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற டைம்அவுட்டை நாமாகக் கொடுக்காவிட்டால் விடிய விடியக் காத்திருக்கும். செலரியும் தானாக எந்த வேலைக்கும் நேர வரம்பு வைப்பதில்லை. பிங்குக்குப் பதில் சொன்னது இந்த எட்டையும் கிளப்பிய தாய் பிராசஸ். பிள்ளைகள் எட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பது அதற்குத் தெரியாது. சிஸ்டம்டிக்கோ, பிராசஸ் செத்தால்தான் தெரியும். "ரீஸ்டார்ட் ஆல்வேஸ்" என்று எழுதி வைத்துவிட்டால் ஆயிற்றா? சாகாததை அது எப்படி எழுப்பும்?

இதற்கென்றே சிஸ்டம்டியில் வாட்ச்டாக் இருக்கிறது. 30 நொடி என்று வைத்தால், அதற்குள் சர்வீஸிடமிருந்து சேதி வராவிட்டால் அடித்து வீழ்த்திவிட்டு மறுபடி கிளப்பும். போன வருடமே கெஞ்சினேன். இன்னொரு சர்வீஸில் போட்டார்கள். எப்படி? சேதி அனுப்புவதற்கென்று, அதே பிராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட்! முக்கிய வேலை உறைந்து கிடந்தாலும் அந்த த்ரெட் பாட்டுக்கு "நலம், நலம்" என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். நோயாளியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவன் கையைப் பிடித்தா நாடி பார்ப்பது?

காலை மீட்டிங்கில் மேனேஜர் கேட்கிறார், "ரீஸ்டார்ட் பண்ணியாச்சுல்ல, அப்புறம் என்ன?" கூடவே தினமும் 3 மணிக்கு ரீஸ்டார்ட் செய்ய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு க்ரான் போடச் சொல்கிறார். அப்புறம் என்னவா? 3.05க்கு மாட்டிக்கொண்டால் மறுநாள் 3 மணி வரை யார் பார்ப்பது?

எனக்கு அழகழகான கிராஃப் எதுவும் வேண்டாம். க்யூவில் மிகப் பழைய வேலை எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது என்ற ஒரே எண்ணை அளந்து, ஐந்தைத் தாண்டினால் என்னை எழுப்புங்கள். எந்த ராத்திரியிலும் எழுந்து வருகிறேன். டைம்அவுட் சேர்க்கும் ஒற்றை வரி மாற்றத்தை விடிகாலை 4 மணிக்கே ரிவியூவுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது மாலை ஆறு. ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.