கிட்டை விட்டு யாரும் வர வேண்டியதில்லை

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ஜுஜுட்சு (jj) என்ற கருவியை இவ்வளவு பாராட்டிவிட்டு, கடைசியில் "கிட்டை விட்டு இதற்கு யார் வருவார்கள்?" என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். கிட் (Git) என்பது அதே வேலைக்குப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் கருவி. விட்டு வரவே வேண்டாமே! ஜுஜுட்சு, கிட் களஞ்சியத்தையே (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) அடியில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. மதுரை இலந்தைக்குளத்தில் எங்கள் குழுவில் நானும் இன்னொரு தம்பியும் மட்டும்தான் பயன்படுத்துகிறோம். மற்றவர்கள் பார்ப்பது வழக்கமான கிட் கமிட்தான் (மாற்றங்களின் ஒரு பதிவு), வித்தியாசமே தெரியாது.

இதே வகைக் கருவியான மெர்க்குரியலின் கதையை மறக்கக் கூடாது. 2005 ஏப்ரலில், கிட் வந்த அதே மாதம் வந்தது. கற்றுக்கொள்ள எளிது, பேஸ்புக்கே எடுத்துக்கொண்டது. ஆனால் கூட்டம், கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கம் போய்விட்டது. மெர்க்குரியலுக்காகவே தொடங்கிய பிட்பக்கெட் தளம்கூட 2020-ல் அதைக் கைவிட்டது. களஞ்சியத்துக்குத் தனி இடம் கேட்கிற கருவிக்கு இதுதான் கதி என்பது என் கணிப்பு. ஜுஜுட்சு அப்படிக் கேட்கவில்லை.

இதில் ஸ்டேஜிங் (கமிட்டில் சேர்க்க வேண்டியதை முன்கூட்டியே குறித்துவைப்பது) கிடையாது, கோப்பைத் திருத்தினால் அடுத்த கட்டளை ஓடும்போது தானாகக் கமிட்டில் சேர்ந்துவிடும். ஒரே வரியை இருவர் வேறுவேறாகத் திருத்தி மோதல் வந்தால் அதையும் கமிட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு அப்புறம் தீர்க்கலாம். நம் கணினியில் என்ன குளறுபடி செய்தாலும் அதைத் திரும்பப் பெற 'ஜேஜே அண்டூ' (jj undo) கட்டளை இருக்கிறது. ரீபேஸில் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்குவது) மாட்டி முழிக்கும் ஃப்ரெஷர் பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். சப்மாட்யூல் (களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியம்), ஹூக் (கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) எல்லாம் உள்ள ப்ராஜெக்ட் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அங்கே இன்னும் இடிக்கும்.

ஜுஜுட்சுவுக்கு ஆதரவு என்றால் கிட்ஹப்பில் ஸ்டார் போடுவது மட்டுமா? மதுரையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கிட் சொல்லிக்கொடுக்கும் ஆய்வக வகுப்பில் கடைசி அரைமணி நேரம் இதையும் காட்டலாமே. தமிழில் நல்ல அறிமுக வீடியோ யாருக்காவது தெரிந்தால் இங்கே லிங்க் போடுங்கள்.